பேக்கப் தினமும் ‘வெற்றி’ என்று காட்டினால் போதுமா?

மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் வணிக நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், தினமும் இரவு பேக்கப் முடிந்து பச்சைக் குறி வருகிறது, இது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பச்சைக் குறியை நான் நம்புவதில்லை. நாகர்கோவிலில் நான் வேலைபார்த்த அலுவலகத்தில் எட்டு மாதம் பச்சையாகவே இருந்தது. ஹார்டு டிஸ்க் பழுதான அன்று பேக்கப்பைத் திறந்து பார்த்தால், கணக்குக் கோப்புறையே அதில் இல்லை. யாரோ அதை டி டிரைவிலிருந்து இ டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். மென்பொருளோ, டி டிரைவைப் பிரதியெடு என்று தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்திருந்தது!

ஆகவே மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். கோப்பு வந்துவிட்டது என்று நின்றுவிடாமல், கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றங்களை மட்டும் சேமிக்கும் முறை என்றால், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைச் சார்ந்திருக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு நாள் கோப்பு கெட்டாலும் அதற்குப் பிந்தைய நாள்களை மீட்க முடியாது. வாரம் ஒரு முழுப் பிரதி எடுங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்பது பழைய விதி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, நம் ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால், ‘வேறிடம்’ என்றால் மாவட்டத்துக்கு வெளியே என்றுதான் சொல்வேன். சர்வரிலேயே எந்நேரமும் செருகிக் கிடக்கும் யுஎஸ்பி டிஸ்க்கை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.