முதல் நியமனம், முதல் கார்: மலையக வாசகர்களின் கேள்விகள்

புது நியமனம் கிடைத்து இரண்டு மூன்று சம்பளம் கைக்கு வந்ததும் என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிடும். ஆசிரியர்கள், தாதியர், பொலிஸில் சேர்ந்தவர்கள், இந்த முறை இராணுவத்தில் சேர்ந்த ஒரு தம்பியும் எழுதியிருக்கிறார். ஹட்டன் பக்கத்தில் முப்பது வருடமாக அடுத்தவர்களுக்கு வாகனம் பார்த்துக் கொடுத்து வருகிறேன். நல்ல கார் வாங்கிக் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கெடுத்தது காருக்கு வாங்கிய கடன்.

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் லிந்துலை. வயது 22. பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங் தியத்தலாவை முகாமில். கூட இருப்பவர்கள் லீசிங்கில் கார் எடுக்கிறார்கள். எனக்கும் ஒரு டொயோட்டா அக்வா பார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பணம் போக 20 இலட்சம் லீசிங், 5 வருடம், ‘ஃப்ளாட்’ 10 வீதம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தம்பி, அந்த 10 வீதத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். 20 இலட்சத்துக்கு வருடம் 2 இலட்சம் வட்டி. ஐந்து வருடத்துக்கு 10 இலட்சம். ஆக 30 இலட்சம், 60 மாதம், மாதத் தவணை 50,000 ரூபாய். நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு 20 இலட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால், இது வருடத்துக்கு 17 வீதத்துக்கும் சற்று மேலே போகிறது.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, போதும், விற்றுவிடலாம் என்று போகிறீர்கள். அதற்குள் 6 இலட்சம் கட்டியிருப்பீர்கள். கடனில் குறைந்திருப்பது ஏறக்குறைய 2 இலட்சத்து 75 ஆயிரம்தான். மிச்சமெல்லாம் வட்டிக்குப் போனது. அதனால் கையெழுத்து வைக்கும் முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் வட்டி எத்தனை வீதம்? இடையில் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, கணக்கு இருக்கட்டும். முகாமில் தங்குபவருக்கு அந்தக் கார் எத்தனை நாள் ஓடும்? லீவுக்கு ஊருக்குப் போய்வர மட்டும்தான். மூன்று நான்கு வாரம் அசையாமல் நின்றால் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். அக்வா போல, பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் காரிலும் அந்தச் சின்னப் பேட்டரி உண்டு, அது இறங்கினால் கார் உயிர் வராது. நம் ஈரத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்தபடி வாரக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். எலி வயரைக் கடிக்கும். அதற்குள் இடமாற்றம் வந்து வன்னிப் பக்கம் போக வேண்டியதாகிவிட்டால், தவணை மட்டும் உங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

நான் சொல்வது இதுதான். அடுத்த மாதத்திலிருந்து அந்த 50,000 ரூபாயைத் தவணை கட்டுவதுபோலவே, அதே திகதியில், வங்கியில் போடுங்கள். பன்னிரண்டு மாதம் தவறாமல் போட முடிந்தால் கையில் 6 இலட்சம் இருக்கும், கட்ட முடியும் என்பதும் தெரிந்திருக்கும். நான்காவது மாதமே தடுமாறினால், லீசிங்கில் எடுத்திருந்தாலும் அப்படித்தான் தடுமாறியிருப்பீர்கள். ஆனால் அப்போது வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வந்திருக்கும். அப்புறம், முகாமில் ஒருவருக்கு ஒருவர் பிணையாளியாகக் கையெழுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நண்பன் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள்.

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கடைசி நான்கு கிலோமீற்றர் தோட்டத்துப் பாதை, செங்குத்து ஏற்றம், கல்லும் சேறும். இன்னும் மூன்று டீச்சர்மார் என்னோடு வருவார்கள். ஆல்டோ 800 போதுமா? ஓட்டோ கியரா, மெனுவலா?

பதில்: டீச்சர், ஆல்டோ 800 நல்ல கார். பாகங்கள் மலிவு, ஹட்டனில் எந்தக் கராஜிலும் வேலை செய்வார்கள். ஆனால் 796 சீசீ, மூன்று சிலிண்டர், வலு 50 குதிரைக்கும் குறைவு. காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் தன் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும். காற்று மெலிந்துபோவதால் வரும் இழப்பு அது, எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் போய் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நான்கு பேர், பைகள், கொப்பிக் கட்டுகள்.

இன்னொரு விஷயம், முன்சக்கரம் இழுக்கும் கார். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரத்தின் பிடி குறையும். பின் சீட்டில் இரண்டு பேர் இருந்தால் இன்னும் குறையும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றுவது அதனால்தான். ஆகவே உங்களுக்கு 1000 சீசீ அளவிலான மெனுவல் கார் என்பதே என் தெரிவு. ஆல்டோ கே10 அந்த அளவில் வரும். பழைய டொயோட்டா விட்ஸ் மெனுவலாகக் கிடைத்தால் அதுவும் நல்லது. சீவீடீ என்கிற ஓட்டோ கியர், டவுனுக்குள் சுகமானது. மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறும் கல் பாதையில் சூடேறும். மூன்று நான்கு வருடத்தில் அந்தச் செலவு வந்து நிற்கும்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஹட்டன் மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அந்த மூன்று டீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையிலேயே ஏறிப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். நட்டநடு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கில் கார் நிற்கிறதா, மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும் வாசம் வருகிறதா என்று கவனியுங்கள். காரை விற்கக் கொண்டுவந்தவர் அந்தப் பாதைக்கு வர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

கூட வருபவர்கள் பெற்றோல் செலவைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. மாதாமாதம் கட்டணம் வாங்கி ஏற்றுவது வேறு. தனியார் பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த காரை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரத்தில் நட்டஈட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பனிக்கு வழி கிடைத்துவிடும். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மலைநாட்டில் ஹைபிரிட் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? அக்வாவா, ஹொண்டா ஃபிட் ஜீபி5ஆ? (பண்டாரவளை)

பதில்: மலை என்பதற்காக மட்டும் பேட்டரி போகாது. இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறுவதால் நமக்கு ஹைபிரிட்டில் இலாபமும் உண்டு. பேட்டரியைக் கொல்வது சூடு. அக்வாவில் பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று பின் சீட்டருகே உள்ள ஒரு துவாரத்தால் போகிறது. அதன்மேல் பையும் ஜாக்கெட்டும் போட்டு அடைப்பவர்கள் ஏராளம். தூசி அடைத்தாலும் அதே கதி. வாங்கும்போது அந்த இடத்தைத் திறந்து பாருங்கள், நீண்ட ஏற்றம் ஒன்று ஏறி முடித்த சூட்டோடு பேட்டரிக்குக் கம்பியூட்டர் ஸ்கேன் போடுங்கள். காலையில் குளிர்ந்த காருக்குப் போடும் ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டாது.

ஃபிட் ஜீபி5 நல்ல ஓட்டம். ஆனால் அதன் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். 2013இல் வெளிவந்த அந்த மாடலின் ஆரம்ப வண்டிகளை ஜப்பானிலேயே திருத்தத்துக்காகப் பலமுறை திருப்பி அழைத்தார்கள். நம் பாதைகளுக்கு நான் அக்வாவைத்தான் சொல்வேன்.

கேள்வி: கார் நல்ல விலைக்கு வருகிறது. ஆனால் ‘ஓபன் பேப்பர்’தான், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். பரவாயில்லையா? (தலவாக்கலை)

பதில்: பரவாயில்லை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இளம் வயதில் ஒரு பழைய நிஸான் சன்னி காரை அப்படித்தான் வாங்கினேன். கையெழுத்து வைத்த படிவம், பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமை. காசில்லாததால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டேன். இரண்டு வருடம் கழித்து மாற்றப் போனால் படிவத்தில் இருந்த கையெழுத்து ஒத்துவரவில்லை. பதிவு உரிமையாளரைத் தேடிக் குருநாகல் வரை போனேன். ஆள் இறந்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் வெளிநாட்டில். அந்தக் காரை என் பெயருக்குக் கொண்டுவர நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

பதிவுப் புத்தகத்தில் இரண்டு உரிமையாளர் இடம் இருக்கும். ஒன்று பதிவு உரிமையாளர். மற்றது ‘எப்சலூட் ஓனர்’. லீசிங் முடியாத வாகனத்தில் இந்த இரண்டாவது இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். அங்கே ஒரு பெயர் இருக்கும் வரை, விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கார் முழுதாக அவருடையது இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வாகனத்தில் உள்ளதோடு நீங்களே ஒப்பிடுங்கள், தரகர் வாசிக்க நீங்கள் கேட்காதீர்கள். பெயர் மாற்றம் நடக்கும் நாளில் முழுக் காசு, அதற்கு முன் சிறு முற்பணம் மட்டும், அதுவும் எழுத்தில்.

கேள்வி: நான் தாதி உத்தியோகத்தர், நுவரெலியா. அம்மா தோட்டத்தில் வேலை செய்து இந்த வருடம் ஓய்வு பெற்றார். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசும் சர்வீஸ் காசும் வந்திருக்கிறது. “நீ ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்சுக்கு நிற்காதே, கார் வாங்கு” என்று அம்மாவே சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மகள், உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். அம்மாவின் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம், மாதாமாதம் சேர்ந்து ஈபிஎஃப். சர்வீஸ் காசு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாள் கூலி. அதற்குப் பிறகு அவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் என்று ஒன்று வரப்போவதில்லை. உங்களுக்கு வரும், அவருக்கு வராது.

கார் வாங்கிய அன்றிலிருந்து தேயும் பொருள். அம்மாவின் காசை அதில் போடாதீர்கள். அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டு, வட்டி அவர் கைக்கு வரும்படி செய்யுங்கள். அம்மாவின் பயம் நியாயமானது, அதை வேறு வழியில் தீர்க்கலாம். ராத்திரி டியூட்டி நாட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ஆட்டோக்காரரை மாத வாடகைக்குப் பேசுங்கள். கூட வேலை செய்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். அதற்கிடையில் கார் ஓட்டுவதற்கான ‘B’ வகுப்பு லைசன்ஸை எடுத்து, உங்கள் சம்பளத்தில் சேமியுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் இருப்பது தோட்டத்து லயன் வீட்டிலா? அப்படியென்றால் காரை எங்கே நிறுத்துவீர்கள்? பாதை ஓரத்தில், சரிவில், மண்மேட்டுக்குக் கீழே என்றால் அதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: கம்பளையில் ஒரு விட்ஸ், சந்தை விலையைவிட நிறையக் குறைவு. வெள்ளத்தில் நின்ற காராக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலின்போது மகாவலி பெருகிக் கம்பளையில் வாகனங்கள் மூழ்கின. கழுவி, உள்ளே வாசனை அடித்து விற்பவர்கள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுற்றிக்கொண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். அதைக் கழுவ யாருக்கும் நினைவு வருவதில்லை. சீட்டின் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் மண், ஸ்பெயார் டயர் குழியில் மண், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு. இதில் இரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்த வயரிங் ஒரு வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

கேள்வி: தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போதுமா?

பதில்: தேர்ட் பார்ட்டி அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும்தான். லீசிங் என்றால், உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய பழைய கார் என்றால் உங்கள் விருப்பம். ஃபுல் எடுத்தாலும் வெள்ளமும் மண்சரிவும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். நம் பகுதியில் அது இல்லாமல் எடுப்பதில் பயனில்லை.

கேள்வி: இறக்கத்தில் வரும்போது பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, கருகிய வாசம் வருகிறது. பேட் மாற்றியும் சரியாகவில்லை. (நானுஓயா)

பதில்: தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் நடந்த விபத்தில் ஏழு உயிர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டை மாற்றினார்கள், பிரேக் எண்ணெயை மாற்றினார்களா? அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விடும், மிதி வெறுமையாக உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கினால் வாங்கிய கிழமையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஓட்டும் விதம். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஓட்டோ கியர் என்றால் ‘L’ அல்லது ‘2’, அக்வாவில் ‘B’. நியூட்ரலில் போட்டு உருட்டிப் பெற்றோல் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாசம் வந்துவிட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டோடு டிஸ்க் வளைந்துவிடும். எண்ணெயை மாற்றிய பிறகும் மிதி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ரதல்லப் பாதையால் இறங்காமல், தூரமானாலும் மெயின் ரோட்டால் மெதுவாக வாருங்கள்.