ஒய் = எம்எக்ஸ் + சி: சாய்வும் வெட்டுத்துண்டும் மனப்பாடமாகத் தெரிகிறது, ஆனால் புரியவில்லை. எப்படிப் புரிந்துகொள்வது?

கோட்டையும் வரைபடத்தாளையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு வட்டிக் கணக்கில் ஆரம்பியுங்கள். எங்கள் காரைக்குடிப் பக்கம் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய்ப் பேரேடு எழுதிய ஊர்கள் நிறைய, அதனால் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் வரும்.

10,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்குகிறீர்கள், அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மாத வட்டி 200. வட்டி கட்டாமல் விட்டால் (தனிவட்டி என்றே வைத்துக்கொள்வோம்) ஒரு மாதத்தில் கடன் 10,200, அடுத்த மாதம் 10,400, அதற்கடுத்து 10,600. மாதம் எக்ஸ், மொத்தக் கடன் ஒய் என்றால் ஒய் = 200எக்ஸ் + 10,000. எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு கூடுகிறதோ அதுதான் சாய்வு, அதாவது எம், இங்கே 200. ஒரு மாதம்கூட ஓடாதபோது இருக்கிற அசல்தான் வெட்டுத்துண்டு, அதாவது சி. ஒய் அச்சின் மேல் எந்தப் புள்ளியை எடுத்தாலும் எக்ஸ் பூஜ்ஜியம்தானே, அதனால்தான் கோடு அந்த அச்சைச் சரியாக 10,000இல் வெட்டுகிறது. இந்த இடம் பிடிபடும்வரை மேலே போகாதீர்கள்.

இப்போது மாற்றிப் பாருங்கள். மூணு வட்டி என்றால் அதே 10,000இல் தொடங்கி மாதம் 300 ஏறும், கோடு இன்னும் செங்குத்தாகும். ரெண்டு வட்டிக் கடனோடு வட்டியில்லாத கைமாற்றாக இன்னொரு 5,000 வாங்கினால், தொடக்கம் 15,000 ஆகும், ஏற்றம் அதே 200தான், பழைய கோட்டுக்கு இணையாக மேலே ஒரு கோடு. கூட்டுவட்டி என்றால் மாதாமாதம் ஏற்றமே கூடிக்கொண்டு போகும், அது நேர்கோடே இல்லை.

சரி, பேரேட்டில் 3ஆம் மாதம் 10,600, 8ஆம் மாதம் 11,600 என்று இரண்டே வரி இருந்தால்? ஐந்து மாதத்தில் 1,000 ஏறியிருக்கிறது, அப்படியானால் மாதம் 200. மூன்று மாத வட்டி 600ஐக் கழித்தால் அசல் வந்துவிடும். இரண்டு புள்ளிகளுக்கான சாய்வுச் சூத்திரம் செய்வதும் இவ்வளவுதான்.

படத்தைப் பார்த்தே சாய்வை முடிவு செய்யாதீர்கள். செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 1,000 ரூபாய் வைத்தால் இதே கோடு படுத்துக் கிடக்கும், 100 ரூபாய் வைத்தால் நிமிர்ந்து நிற்கும், மாதம் 200 மட்டும் மாறாது.

அப்புறம் பரீட்சையில் 2எக்ஸ் + 3ஒய் = 6 என்று கொடுத்தால் நிறைய பேர் சாய்வு 2 என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் ஒய்யைத் தனியாக்குங்கள்: ஒய் = −(2/3)எக்ஸ் + 2. வெட்டுத்துண்டு 2, சாய்வு −2/3, அதாவது வலப்பக்கம் மூன்று கட்டம் போனால் இரண்டு கட்டம் இறங்கும். (0, 2)இலிருந்து அப்படி இறங்கினால் (3, 0) வரும், சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், சரியாக 6 வரும்.