எந்தப் பதிப்பு? வாசகர் வட்டக் கேள்விகளும் என் பதில்களும்

கிளை நூலகங்களில் முப்பது வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பைண்டிங் வேலையும் கொஞ்சம் கைவரும். “இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதில் என்ன கேட்க வேண்டும்?” என்று எங்கள் வாசகர் வட்டத்தில் எழுதச் சொன்னோம். வந்ததில் பாதி ஒரே கேள்வி. மீதியில் எனக்கு ருசித்ததற்கு நீளமாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன்.

சென்னை, மென்பொருள் வேலையில் இருக்கும் வாசகி: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை மூன்று மாதமாகப் படிக்கிறேன். தோழிகள் ஐந்து பாகத்தையும் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்குப் படிக்கவே வரவில்லையோ? ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ இரண்டையும் முடித்துவிட்டு இதற்கு வந்திருக்க வேண்டுமா?

அம்மா, அந்தக் கதை 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954இல் முடிந்தது. முதன்முதலில் படித்தவர்களுக்கு மூன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. அவர்களைவிட நீங்கள் வேகம். அத்தியாயம் முடியும் இடத்தில் எல்லாம் யாராவது புதருக்குப் பின்னால் நிற்பார்கள், அல்லது ஒரு ‘ஐயோ!’ கேட்கும். ஒரு வாரம் காத்திருக்கப்போகிறவர்களுக்காகப் போட்ட கொக்கி அது. இரவோடு இரவாக நாற்பது அத்தியாயம் படித்தால் நாற்பது ‘ஐயோ!’ கேட்கும், அலுத்துப்போகும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

வரிசை விஷயம்: ‘பார்த்திபன் கனவு’ 1941இல் தொடங்கியது, ‘சிவகாமியின் சபதம்’ 1944-46. ஆனால் கதை நடப்பது தலைகீழ். பின்னால் எழுதிய சபதத்தில் பல்லவர் மாமல்லர் இளைஞர். முன்னால் எழுதிய கனவில் அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். எழுதிய வரிசையில் படித்தால் அந்த இளைஞரைப் பார்க்கும்போது ஒரு கூடுதல் ருசி உண்டு. சோழர் கதையான ‘பொன்னியின் செல்வன்’ இவற்றுக்கு முந்நூறு வருஷம் தள்ளி நடப்பது, தனியாகவே படிக்கலாம்.

இப்போது என் கேள்வி. உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு? கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அச்சடிக்கிறார்கள். அட்டையில் தங்க எழுத்து இருக்கும், உள்ளே ஒரு மூலையில் பொடி எழுத்தில் ‘சுருக்கம்’ என்று இருக்கும். வாங்குவதற்கு முன் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களுக்குக் கல்கி ஒரு முடிவுரை எழுதினார், அது இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எது இல்லை என்று எப்படித் தெரியும்?

விருதுநகர் கல்லூரி மாணவர்: நானும் அதே நாவல்தான், நான்காம் பாகம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

நான்காம் பாகத்தில் இருக்கிறவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? படியுங்கள் தம்பி.

பட்டுக்கோட்டை வாசகி: என் பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைத் தொகுப்பு ஒன்றைப் படிக்கிறேன். அறுபதுகளில் வந்தது. பக்கத்தைத் திருப்பினால் ஓரம் அப்பளம் மாதிரி உதிர்கிறது. லேமினேட் செய்யலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். அந்தத் தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும், தாளில் அமிலம் ஊறும், மடிப்பில் முறியும். லேமினேட் செய்தால் அந்த அமிலத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல. சூட்டையும் கொடுக்கிறீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

அதைவிடக் கொடுமை செல்லோ டேப். இதைப் பெரிய எழுத்தில் எழுதி நூலகத்திலேயே ஒட்டி வைத்திருந்தேன். (எதை வைத்து ஒட்டினாய் என்று கேட்காதீர்கள், குண்டூசிதான்.) ஐந்தாறு வருஷத்தில் டேப் காய்ந்து உதிரும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி மஞ்சளாக நிற்கும். எழுத்தே மறைந்துபோகும்.

கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் பிய்த்து எடுங்கள். கத்தரிக்கக் கூடாது, பிய்த்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிடிக்கும். நீர்க்கக் காய்ச்சிய மைதாப் பசையை ஒரு இழுப்புத் தடவி ஒட்டி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிடுங்கள். ஒரு ராத்திரி போதும். பழைய பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராதுதான், ஆனால் தாள் சீக்கிரம் பழுக்கும். நீங்கள் கலக்காதீர்கள். மடிப்பே முறிகிற பக்கங்களைத் தொடாமல், ஒரு முறை படம் எடுத்துக்கொண்டு படத்தில் படியுங்கள்.

அப்புறம், பின்பக்கங்களையும் பாருங்கள். பாட்டி வெட்டியது கதைக்காக. ஆனால் தாளின் மறுபக்கத்தில் பாதி சமையல் குறிப்பு, பல்பொடி விளம்பரம், கடைசி வரி இல்லாத நகைச்சுவைத் துணுக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தக் கடைசி வரி போனது பைண்டர் கைங்கரியம். ஓரத்தைச் சமமாக்குகிறேன் என்று கட்டிங் மெஷினில் வைத்து அழுத்தினால் கால் அங்குலம் போய்விடும். என்னிடம் ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் 12 பக்கங்களில் கீழ் வரியின் மேல்பாதி மட்டும் நிற்கிறது. எழுத்துகளின் தலையை வைத்து ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது.

திருச்சி வாசகர்: அசோகமித்திரன் நாவல் படிக்க ஆசை. பிடிஎஃப் எங்கே கிடைக்கும்?

கடையிலும் நூலகத்திலும் புத்தகமாகக் கிடைக்கும். நம் சட்டப்படி எழுத்தாளர் காலமான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அசோகமித்திரன் 2017இல் காலமானார். கணக்கு 2077 வரை போகும். உரிமை முடிந்தவை, நாட்டுடைமை ஆனவை வேண்டுமென்றால் 1998இலிருந்து இணையத்தில் இலவசமாகத் தமிழ் நூல் தரும் மதுரைத் திட்டத்தில் பாருங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பாருங்கள். ஈழத்து நூல், பழைய இதழ் என்றால் ‘நூலகம்’ திட்டம். இதற்கு மேல் பிடிஎஃப் கேள்வி வேண்டாம்.

கரூர் வாசகர்: புதுமைப்பித்தன் கதைகள் படிக்கிறேன். என்னிடமும் நண்பரிடமும் வேறுவேறு தொகுப்பு. ஒரே கதையில் சில வரிகள் மாறியிருக்கின்றன. எது சரி?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவர் 1948இல் போய்விட்டார். கதைகள் முதலில் ‘மணிக்கொடி’ போன்ற இதழ்களில் வந்தன, பிறகு தொகுப்புகளாயின. இதழில் ஒரு மாதிரி, நூலில் ஒரு மாதிரி இருக்கும். அவரே மாற்றியது உண்டு, அச்சுக்கோப்பவர் கைங்கரியமும் உண்டு. 2002இல் நாட்டுடைமை ஆன பிறகு கேட்க வேண்டாம், ஆளாளுக்கு அடித்தார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்தால் முதலில் விழுந்த பிழை மூன்றாவதில் குட்டி போடும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பில் கதைகள் கால வரிசையில் இருக்கும், எந்த வரி எங்கே மாறியது என்ற பாடவேறுபாடும் இருக்கும். உங்கள் இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

மூல இதழையே பார்க்க வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த குவியலிலிருந்து பிறந்த நூலகம் அது.

நாமக்கல் வாசகர்: பிடிஎஃப் லிங்க் இருந்தால்…

மேலே.

சேலம் வாசகி: ஜானகிராமன் நாவல் ஒன்றை ஒலிநூலாகக் கேட்டு முடித்தேன். ‘படித்தேன்’ என்று வட்டத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். கேட்பது படிப்பதில் சேராதா?

இதை அனுப்பிய மறுநாளே வட்டத்துக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்: “செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம் என்று 411ஆம் குறளை இனி யாராவது எடுத்து வருவார்கள். வரட்டும். வள்ளுவர் 40ஆம் அதிகாரத்தில் கல்வியையும் 42இல் கேள்வியையும், அதாவது கேட்டறிவதையும், தனித்தனியாக வைத்தார். ஒன்று என்றால் ஏன் இரண்டு அதிகாரம்?” அதற்கு ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: “இரண்டுக்கும் நடுவில் 41 கல்லாமை. அது யாருக்கு என்று ஐயா பார்த்துக்கொள்ளட்டும்.” பிறகு பத்து நாள் வேறு கேள்வியே வரவில்லை.

சரி, என் பங்குக்கு. கண்ணை மட்டும் ஓட்டி வாயை மூடிப் படிப்பதே நமக்குப் புதுப் பழக்கம். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘ா’ என்ற காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வாய்விட்டுப் படித்தால்தான் சொல் பிரியும். அச்சு வந்த பிறகும் ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை எல்லாம் ஒருவர் படிக்கத் தெருவே கேட்டதுதான். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் பேப்பர் படிக்க, நாலு பேர் கேட்டுவிட்டு அரசியல் பேசுவதை நானே பார்த்து வளர்ந்தேன்.

என் நூலகத்துக்கு ஒரு நெசவாளி வருவார். எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பேரனைக் கூட்டிவந்து மகாபாரதத்தை அவன் வாயால் கேட்பார். பையன் அலுத்துப்போய் ஒரு பத்தியைத் தாண்டினால் தறியில் இழை அறுந்ததைக் கண்டுபிடிக்கிற மாதிரி, “எங்கடா விட்ட?” என்று நிறுத்துவார். அவரைப் ‘படிக்காதவர்’ என்று உறுப்பினர் பதிவேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. பேரன் பெயரில் அட்டை போட்டேன்.

ஆசிரியர் ஐயா இதற்கும் பதில் எழுதினார்: “நெசவாளி நிறுத்திக் கேட்டார். காதில் மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பவர் நிறுத்திக் கேட்பாரா?” நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். சேலம் அம்மாவே பதில் சொல்லட்டும் என்று விட்டோம். “நான் பாத்திரம் தேய்க்கும்போது ஒரு வாக்கியத்தை மூன்று முறை பின்னால் தள்ளிக் கேட்டேன், சோப்புக் கையோடு” என்று எழுதினார். ஆசிரியர் அதன் பிறகு எழுதவில்லை. எனக்கு ஒரு கண்ணில் புரை அறுத்து மூன்று வாரம் ஆகிறது, இந்தக் கடிதங்களையே மருமகள்தான் படித்துக் காட்டினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலை இல்லை.

ஆனால் அம்மா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் கேட்டது முழு நாவலா, சுருக்கியதா? எந்தப் பதிப்பைப் பார்த்து வாசித்தார்கள்? ஒலிநூலின் விவரப் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். சுருக்கியது என்றால் ‘படித்தேன்’ என்று சொல்லாதீர்கள், ‘கேட்டேன்’ என்றும் சொல்லாதீர்கள்.

தென்காசி வாசகர்: எட்டு வயதுப் பையன் காமிக்ஸ் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான்.

தொட வேண்டாம். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தபோது அதை ஒளித்துப் படித்தவர்கள்தான் பின்னால் என் நூலகத்தில் தடித்தடியாக நாவல் எடுத்தவர்கள். அவனிடமிருந்து வாங்கி நீங்களும் படியுங்கள். கிழிந்தால் டேப் மட்டும் ஒட்டவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: மாஸ்கோவில் அச்சான டால்ஸ்டாயின் பழைய தமிழ் ‘புத்துயிர்ப்பு’ படிக்கிறேன், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு. போன வருஷம் வாங்கிய நாவல் இரண்டாகப் பிளந்துவிட்டது, இது மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. ஏன்?

முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் கட்டுக்கட்டாக மடித்து நூலால் தைத்திருந்தால் அது தையல் பைண்டிங். புதியதில் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக வெட்டி முதுகில் சூடான பசையை மட்டும் பூசியிருப்பார்கள். அதற்குப் பெயர் ‘பெர்ஃபெக்ட் பைண்டிங்’, பெயரை வைத்தவர் குறும்புக்காரர். நடுவில் அழுத்தி விரித்தால் பிளந்துவிடும். புதிதாக வாங்கியதும் முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாறிமாறி மெதுவாக விரித்து, நடுப்பக்கம் வரை வாருங்கள்.

காரைக்குடி வாசகர்: புத்தகத்தில் ராமபாணப் பூச்சி. என்ன செய்ய?

ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், மாதம் ஒரு முறை புத்தகங்களை எடுத்துத் தட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள்.

ஆதித்த கரிகாலன் பற்றி மேலும் ஐந்து பேர்.

ஐவருக்கும் சேர்த்து ஒரே பதில். நாவலை முடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள். நாவலில் கல்கி கடைசிவரை ஐயமாகவே விட்டார். நாவலுக்கு வெளியே உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது, ரவிதாசன் முதலிய உடன்பிறந்தவர்களை, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்கிறது. பின்னால் அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா என்பதில் வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி ஒரு பக்கம், சதாசிவ பண்டாரத்தார் மறுபக்கம். இருவரையும் படித்துவிட்டு, கல்வெட்டு தெரிந்தவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். நான் புத்தகம் தைப்பவன்.

ஊர் போடாத வாசகர்: 1996இல் கிளை நூலகத்தில் எடுத்த நாவலை இப்போதுதான் எடுத்துப் படிக்கிறேன். திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது. அபராதம் எவ்வளவு வரும்? முன்னட்டை வேறு கிழிந்துவிட்டது.

வெட்கப்படாமல் போங்கள். இத்தனை வருஷம் கழித்து வந்த புத்தகத்தைப் பார்த்தால் எந்த நூலகருக்கும் சந்தோஷம்தான் வரும், கணக்கை அவரே ஏதாவது செய்துகொள்வார். பின்னட்டைக்குள் இருக்கும் தேதிச் சீட்டைப் பிய்க்காதீர்கள், பதிவேட்டில் தேட அது வேண்டும். அட்டை கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொடுங்கள். போகிற வழியில் கடையில் நின்று செல்லோ டேப் வாங்க வேண்டாம்.