கேள்வி மேடை: அரசி நோகுக்

ஒட்டுசுட்டான் வாசகி: மன்னரைக் கொல்ல வந்தவர்களைக் கொரிய அரசி நோகுக் வாசலில் இருந்தே மறித்தாராம். உண்மையா?

உண்மைதான். நோகுக், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் அரசகுலத்துப் பெண். பணயமாக அங்கே இருந்த கொர்யோ (அன்றைய கொரியா) இளவரசர் கோங்மினை 1349இல் மணந்தார். 1351இல் கோங்மின் மன்னரானார். 1363இல் மன்னர் தங்கியிருந்த ஹுங்வாங் விகாரைக்குள் ஐம்பது பேரளவில் புகுந்தார்கள். ஏவியவர் கிம் யோங், மன்னருக்கு நெருக்கமானவர்தான்! மன்னரின் சாயலில் இருந்த அரண்மனை ஊழியர் அன் தோ-சி படுக்கையில் படுத்து, அவருக்குப் பதிலாக வெட்டுப்பட்டார். இன்னோர் ஊழியர் மன்னரை முதுகில் சுமந்துபோய், தாயரசியின் உள்ளறையில் போர்வைக்குள் ஒளித்தார். அந்த அறை வாசலில்தான் நோகுக் இருந்துகொண்டார். அவர் மேல் கை வைப்பது யுவானைப் பகைப்பதாகும். அந்தப் பயம் வேலை செய்தது. பிறகு தளபதி சோய் யோங் படையோடு வந்து கலகத்தை அடக்கினார்.

முள்ளியவளை ஆசிரியை: அவர் பெயரால் ஆடும் முதுகுப்பாலத்தை இல்ல மெய்வல்லுநர் போட்டியின் இடைவேளையில் செய்யலாமா?

தாராளமாக. 1361இல் யுவானை எதிர்த்த சீனக் கலகக்காரரான செந்தலைப்பாகைப் படை கொர்யோவுக்குள் வந்தபோது அரச தம்பதி அந்தோங் ஊருக்கு ஓடினார்கள். ஆற்றைக் கடக்க ஊர்ப்பெண்கள் குனிந்து பாலமானார்கள் என்பது அவ்வூர் வழக்கு. கொரியச் சந்திர ஆண்டின் முதற்பௌர்ணமியில் ஆடுவார்கள். எங்களுக்கு அது தைப்பூசமாகவோ மாசிமகமாகவோ வரும்.

இருபது பேராவது வேண்டும். முன்னால் நிற்பவரின் இடுப்பைப் பிடித்து, தலையை ஒருபக்கம் திருப்பிக் குனிய வேண்டும். ‘அரசி’ கடந்ததும் பின்னால் உள்ளவர்கள் ஓடிப்போய் முன்னால் குனிந்தால் பாலம் முடியாது. உயரம் ஒத்தவர்களை அடுத்தடுத்து விடுங்கள்; ஏற்ற இறக்கம் இருந்தால் அரசி சறுக்குவார். அரசி நிறை குறைந்த சின்னப்பிள்ளையாக, வெறுங்காலோடு இருக்கட்டும். இருபுறமும் இருவர் கை பிடிக்கவேண்டும். நடுமுதுகில் மிதித்தால் நாரி பிடிக்கும். இடுப்பெலும்பின் மீதே மிதிக்கப் பழக்குங்கள். கிரவல் தரை வேண்டாம், புல்தரையில் செய்யுங்கள்.

பூநகரி வாசகர்: அவர் எப்படி இறந்தார்?

1365இல், பிரசவத்தில். சுகப்பிரசவம் வேண்டிக் கைதிகளுக்கு மன்னிப்புக் கொடுத்தும் பலிக்கவில்லை. மன்னர் தன் கையாலேயே மனைவியின் படத்தை வரைந்து, அதற்கு முன்னால் இருந்து அழுதபடி சாப்பிட்டார். மூன்று வருடம் மச்சம் தொடவில்லை. அதுவரை பரவாயில்லை. நினைவு மண்டபம் கட்டச் சனங்களை வாட்டியதுதான் கெட்ட பெயர் தேடித்தந்தது. 1374இல் மன்னரும் கொலையுண்டார். வடகொரியாவின் கேசோங் நகருக்கு அருகே இருவரின் கல்லறை மேடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.