ராகாப் பொய் சொன்னாளே, அது பாவமில்லையா? பொய்ச்சாட்சி என்றால் எல்லாப் பொய்யுமா?

நீங்கள் கேட்டது இரண்டு. பத்துக் கட்டளையில் வரும் பொய்ச்சாட்சி எல்லாப் பொய்யையும் குறிக்கிறதா, இல்லை கோர்ட்டில் சொல்லும் பொய்யை மட்டுமா என்பது ஒன்று. இஸ்ரவேலின் வேவுகாரரைக் காப்பாற்றப் பொய் சொன்ன எரிகோ ஊர்ப் பெண் ராகாபை பைபிள் ஏன் மெச்சுகிறது என்பது இன்னொன்று. நான் போதகர் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் கொஞ்சம் ரப்பரும் வாழையும் வைத்துக்கொண்டு காலம் ஓட்டுகிறவன், ஓய்வுநாள் பள்ளியில் சில வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்த அளவுக்கு எழுதுகிறேன்.

இது எத்தனையாவது கட்டளை என்பதிலேயே எங்கள் வீட்டில் தகராறு. நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, எனக்கு ஒன்பதாவது. மனைவி முட்டம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அவளுக்கு எட்டாவது. லுத்தரன் சபைக்காரர்களுக்கும் எட்டுதான். விக்கிரக வணக்கத்தை நாங்கள் தனிக் கட்டளையாக எண்ணுகிறோம், அவர்கள் அதை முதல் கட்டளையோடு சேர்த்துக்கொண்டு கடைசியில் வரும் இச்சையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான், யாத்திராகமம் 20:16: "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக."

இதில் எல்லோர் கண்ணும் "பொய்" என்ற சொல்லில்தான் நிற்கிறது. "பிறனுக்கு விரோதமாக" என்பதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கைரேகை இல்லை, பத்திர ஆபீஸ் இல்லை, கேமரா இல்லை, ஒருவன் சாவதும் பிழைப்பதும் இரண்டு பேர் வாயில் இருந்தது. அதனால்தான் உபாகமம் 19-ஆம் அதிகாரம் ஒரே சாட்சி போதாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்கிறது. பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், எதிராளிக்கு அவன் என்ன வர வேண்டும் என்று நினைத்தானோ அதையே அவனுக்குச் செய்யச் சொல்கிறது. 17-ஆம் அதிகாரத்தில் இன்னொன்று உண்டு, மரண தண்டனை என்றால் முதல் கல்லைச் சாட்சிதான் எறிய வேண்டும், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. நம் சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 194-ஆம் பிரிவு, ஒருவனைத் தூக்குக்கு அனுப்பும் நோக்கத்தோடு பொய்ச்சாட்சி சொல்லி, அதனால் நிரபராதி தூக்கிலிடப்பட்டால், சொன்னவனுக்கு மரண தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 230-ஆம் பிரிவு.

சாட்சியை நம்பாத முறையும் நம் ஊரில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிமாரைச் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் சொல்வார்கள், கை வெந்துபோனால் குற்றவாளி. கைமுக்கு என்று பெயர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அதை நிறுத்தினார்கள். மனுஷன் வாயை நம்பாமல் நெய்யை நம்பியிருக்கிறார்கள், யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு சாட்சி என்ற சட்டத்தையும் வளைக்கலாம் என்பதற்கு நாபோத் கதை இருக்கிறது, 1 இராஜாக்கள் 21. ஆகாப் ராஜாவுக்கு அரண்மனையை ஒட்டிக் கீரைத் தோட்டம் போட ஆசை, நாபோத்தின் திராட்சத்தோட்டம் அங்கே இருக்கிறது, வேறு நல்ல தோட்டமோ பணமோ தருகிறேன் என்கிறான். நாபோத் பாட்டன் சொத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறான், எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடம் வந்தால் சிரிப்பு தாங்காது. அப்புறம் அவன் மனைவி யேசபேல், ராஜா பேரில் கடிதம் எழுதி முத்திரை போட்டு ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள்: உபவாசம் கூறுங்கள், நாபோத்தை முன்னால் உட்காரவையுங்கள், தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். அப்படியே நடந்தது, நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள், தோட்டம் ராஜா கைக்குப் போனது. கவனியுங்கள், சரியாக இரண்டு பேர். சட்டம் கேட்ட எண்ணிக்கை குறையவில்லை, ஜெபமும் குறையவில்லை. எனக்கு அந்த இரண்டு பேரைவிட, கடிதத்தைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்த மூப்பர்கள்மேல்தான் கோபம்.

நிலம் என்றதும் அப்போஸ்தலர் 5-ஐயும் சொல்லிவிடுகிறேன். அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்றுப் பணத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவர்கள், பொய் சொல்லி அங்கேயே விழுந்து செத்தவர்கள். பேதுரு சப்பீராளிடம் கேட்கும் கேள்வி நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்பது. விற்ற விலை ஒன்று, வெளியே சொன்ன விலை வேறு. பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவர்கள் சாகவில்லை, நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று பேதுருவே அனனியாவிடம் சொல்கிறார், ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுசு என்று சொன்னதுதான் வினை. எங்கள் சபையில் இந்தப் பகுதி வாசிக்கும்போது பலரும் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன், பத்திரத்தில் எழுதும் விலையும் கையில் வாங்கும் விலையும் எல்லோருக்கும் தெரியும்.

சரி, ராகாப். எரிகோ ராஜாவின் ஆட்கள் வந்து கேட்டபோது வேவுகாரரை மாடியில் சணல் தட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்கிறாள். எகிப்தில் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் அவனிடம் சொன்ன பதிலும் இந்த வகைதான் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய காலத்துச் சபைப் பிதா அகுஸ்தீன் எந்தப் பொய்யும் கூடாது என்பதில் பிடிவாதக்காரர், அவர் விளக்கம்: அவர்களுக்கு நன்மை கிடைத்தது இரக்கத்துக்காக, பொய்க்காக இல்லை. எபிரெயர் 11-உம் யாக்கோபு 2-உம் அவள் வேவுகாரரைச் சேர்த்துக்கொண்டு அனுப்பிவைத்ததைத்தான் மெச்சுகின்றன என்பதும் உண்மை. ஆனாலும் கதவைத் தட்டுகிறவன் கொல்ல வந்தவன் என்றால் நானும் ராகாப் மாதிரிதான் சொல்வேன். "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவர் போட்ட நிபந்தனையும் கிட்டத்தட்ட இதுதான். அவள் பொய் யார் உயிரையோ காத்தது, நாபோத்தின் சாட்சிகள் சொன்னது ஒருவன் உயிரையும் நிலத்தையும் எடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ராகாபைக் காட்டித் தப்பிக்கிறவர்கள் ஆபிரகாமையும் பார்க்க வேண்டும். சாராள் என் சகோதரி என்றார். அது முழுப் பொய்யும் இல்லை, தகப்பன் ஒருவரே, ஆதியாகமம் 20:12-இல் அவரே சொல்கிறார். மனைவி என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதற்கு, சாராளை அழைத்துக்கொண்டுபோன அபிமெலேக்கு ராஜாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

இதை எழுத எனக்குக் காரணம் உண்டு. பல வருஷம் முன்னால் என் சொந்தக்காரர் ஒருவரின் விளைக்கும் (எங்கள் பக்கம் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம்) பக்கத்து விளைக்கும் எல்லைத் தகராறு. நடுவில் ஒரு அயனி மரம் நின்றது, அப்போது வெட்டியாகிவிட்டது, குற்றி மட்டும் மிச்சம். எல்லைக்கல் குற்றிக்கு மேற்கே இருந்தது, சின்ன வயசில் அதன்மேல் கால் வைத்துத்தான் மரத்தில் ஏறுவேன். அளக்க ஆள் வந்த அன்று அது கிழக்கே நின்றது. பக்கத்து விளைப் பாட்டி என்னைப் பார்த்து, "மக்களே, நீ அந்த மரத்துல ஏறி எறங்குனவன்தானே, கல்லு எங்க கெடந்ததுன்னு சொல்லு மக்களே" என்றார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை பாட்டி என்றேன். பாட்டிக்கு ஒன்றரை சென்ட் போனது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நான் சாட்சியே சொல்லவில்லையே. லேவியராகமம் 5:1 அப்புறம்தான் கண்ணில் பட்டது: கண்டதையும் அறிந்ததையும் சொல்லாமல் இருக்கிற சாட்சி "தன் அக்கிரமத்தைச் சுமப்பான்". உபாகமத்தில் சாட்சிகளைப் பற்றிய பகுதிக்கு நேர் முந்தின வசனம் எல்லைக்குறியைத் தள்ளிவைக்காதே என்பதும் அப்போதுதான் தெரிந்தது, எத்தனை தடவை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.

பாட்டி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் மகனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் ரப்பர் விலையைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.