சிறுகுறிஞ்சான் பொடி எடுத்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஐந்து ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்து வருகிறேன். ஊறவைத்த வெந்தயமும் சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெந்தயத்தை உணவளவில் சேர்த்துக்கொள்ளலாம். சிறுகுறிஞ்சானை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

செடிகொடிகளில் மருந்து இல்லை என்பதல்ல என் வாதம். நீங்கள் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கே ஐரோப்பாவின் கலேகா செடியிலுள்ள கலேஜின் என்ற சேர்மம்தான் மூதாதை. அது நச்சுத்தன்மை மிக்கது என்பதால், அதே குவானிடின் குடும்பத்தைச் சேர்ந்ததும் 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதுமான மெட்ஃபார்மினை பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டார்.

வெந்தயத்தின் கேலக்டோமன்னன் என்னும் நார்ச்சத்து குடலில் கூழ்போலாகி, மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஊறிய நீரைக் குடித்துவிட்டு விதையை எறிபவர்கள் அந்த நார்ச்சத்தின் பெரும்பகுதியை எறிந்துவிடுகிறார்கள்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் வெல்லமும் மண்போல இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளைச் சிறிது நேரம் மறைப்பதே காரணம். இரத்தச் சர்க்கரை குறைந்ததற்கு அது சான்றாகாது. ஆயினும் 1990இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையுடன் நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுச் சத்தை 18 முதல் 20 மாதங்கள் எடுத்த 22 பேரில் 5 பேரால் மாத்திரையை விட முடிந்தது. ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வன்று. கடைப் பொடியில் அதே அளவு சத்து இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது கிளிமெபிரைடுதான். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதால், பொடியும் சேர்ந்து வேலை செய்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி தோன்றினால் 15 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இலையை மென்றிருந்தால் அது இனிக்காது. இனிக்கவில்லையே என்று நிறுத்திவிடாமல் முழுவதும் குடியுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது பொடிப் பொட்டலத்தையும், இரண்டு வாரங்கள் வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த சர்க்கரை அளவுகளையும் கொண்டு செல்லுங்கள். அவர் அனுமதித்தால் மூன்று மாதம் கழித்து, சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை அவரே முடிவுசெய்வார்.