அருகில் நல்ல நீர், தொலைவில் உப்பு நீர்

கேள்வி: குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் கிராமத்தில், தோல் பதனிடும் ஆலை ஒன்று மூடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதை ஒட்டிய வீட்டின் அடிபம்பில் நல்ல நீர் வருகிறது. 400 மீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் போரில்தான், இரண்டு ஆண்டுகளாக உப்புக் கரிக்கும் மஞ்சள் நீர் வருகிறது. அப்படியானால் இதற்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று கொள்ளலாமா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கொள்ள இயலாது. நிலத்தடியில் மாசு நாற்புறமும் சமமாகப் பரவுவதில்லை. நீர் நகரும் திசையில் வால்போல் நீண்டு செல்கிறது. ஆலையை ஒட்டிய வீடு அந்த வாலுக்கு வெளியே இருக்கலாம். டெல்டா நிலம் களியும் ஆற்று மணலும் அடுக்கடுக்காய்ப் படிந்தது என்பதால், அவர்களது அடிபம்பும் உங்கள் போரும் வெவ்வேறு மணல் அடுக்குகளிலிருந்து நீர் எடுப்பதும் உண்டு. இரண்டின் ஆழத்தையும் முதலில் கேட்டறியுங்கள்.

காலக் கணக்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்துக்கு எதிராகவே நிற்கிறது. 1856-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி வகுத்த விதியின்படி, மணல் நீரைக் கடத்தும் திறனையும் நீர்மட்டச் சரிவையும் பெருக்கி, மணலில் உள்ள இடைவெளியின் பங்கால் வகுத்தால் நீரின் வேகம் கிடைக்கும். கடத்தும் திறன் நாளுக்கு 20 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஒன்று, இடைவெளி கால் பங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நீர் நாளுக்கு 8 சென்டிமீட்டரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மீட்டரும் நகரும். 400 மீட்டரைக் கடக்க அதற்குப் பதினான்கு ஆண்டுகள்கூடத் தேவைப்படும். ஆலை ஓடிய காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீர் இப்போதுதான் உங்களிடம் வந்து சேர்கிறது என்பதற்கு இடமிருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் உப்பு தடையின்றி நீரோடு வரும்; அதே வேலைக்குப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தில் மூன்றிணைதிற வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ள, நச்சு மிகுந்த ஆறிணைதிற வகை எளிதில் நகரும்.

கடல் கிழக்கே இருப்பதால் நீரும் கிழக்கேதான் போகும் என்று ஊரில் சொல்வார்கள். மொத்த டெல்டாவுக்குப் பெரிதும் பொருந்தும் அந்தக் கணக்கை ஓர் ஆலை வளாகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஒரே அடுக்கில் நீர் எடுப்பவையாய், ஒரே நேர்கோட்டில் அமையாதவையாய் உள்ள மூன்று கிணறுகளிலாவது, மோட்டார் ஓடாத வேளையில், ஒரே நாளில் நீர்மட்டம் அளந்து, அதைப் பொதுவான ஓர் உயரக் குறியோடு ஒப்பிட்டால்தான் திசை தெரியும். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஆறு ஓடும்போது கரையோர நிலத்தடி மட்டம் உயர்ந்து ஓட்டம் திசை மாறக்கூடும் என்பதால், கோடையில் ஒருமுறையும் ஆறு ஓடும்போது ஒருமுறையும் அளக்க வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கு இரும்பும் காரணமாகலாம். தெளிவாக வந்த நீர் பாட்டிலில் வைத்த பின் செம்பழுப்பாய்ப் படிந்தால், பெரும்பாலும் இரும்புதான். ஆனால் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். குழாயில் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓட்டியபின் மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் குளோரைடு, மொத்தக் கரைதிண்மம் (டி.டி.எஸ்.), குரோமியம் ஆகியவற்றுக்குச் சோதனை கேளுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் குரோமியம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். அந்த அடிபம்பின் நீரையும் அதே நாளில் சோதனைக்குக் கொடுங்கள். சுவையில் நன்றாக இருப்பதை வைத்து அதை நல்ல நீர் என்று சொல்லிவிட முடியாது.